பதினோரு நாள் எறும்புப் பாதை

2017-ஆம் வருஷம் புரட்டாசி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் பரளச்சி ஜெயபாண்டி வீட்டுப் பின்வாசலிலிருந்து கிளம்பிய எறும்புகள், வழியில் எங்கும் வரிசை கலையாமல், பதினோராம் நாள் மத்தியானம் பாளையம்பட்டியில் கோகிலாம்பாளின் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தன. கடையில் வெல்லம் இருந்தது, சீனி மூட்டை வாய் பிரிந்து கிடந்தது, எள்ளுருண்டை டப்பா மூடியில்லாமல் இருந்தது. எதையும் அவை தொடவில்லை. நேரே கல்லாவுக்குப் பின்னால் போய், அங்கே உட்கார்ந்திருந்த கோகிலாம்பாளின் காலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பின. கோகிலாம்பாள், ஜெயபாண்டியின் மனைவி மாரீஸ்வரிக்கு உடன்பிறந்த அக்கா. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வரிசை அறுபடவில்லை. எல்லாம் கடிக்காத கறுப்பு எறும்புகள். போகிறவை ஒரு ஓரம், வருகிறவை ஒரு ஓரம். ஒருமுறை போய்ச் சேரப் பதினோரு நாள். மழை பெய்தாலும் அதே கணக்குத்தான், மழையும் நம் பக்கம் அடிக்கடி பெய்து தொந்தரவு கொடுப்பதில்லை.

அதே செவ்வாய்க்கிழமை காலையில்தான் ஜெயபாண்டியின் ஒரே மகள் ஜோதிகாவுக்கு முதல் வலிப்பு வந்தது. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மாரீஸ்வரி ஒரு பக்கச் சடையைப் பின்னி முடித்து மறுபக்கத்துக்குச் சீப்பை எடுத்தபோது பிள்ளையின் கழுத்து திரும்பியது, கண் மேலே செருகியது, கையும் காலும் வெட்டி இழுத்தன. பக்கத்து வீட்டார் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்துவிட்டு, ரிப்பன் எங்கே என்று பிள்ளை கேட்டாள். எறும்புகள் அந்த வீட்டுக்குப் புதிது இல்லை. மாரீஸ்வரிக்கு இருபத்தொன்பது வயதிலேயே சுகர் வந்துவிட்டது. குளியலறைச் சாக்கடை ஓரம் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துத்தான் அவள் டவுனுக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தாள். ஆள் முருங்கைக்காய் மாதிரி இருப்பாள். இந்த உடம்புக்கு எங்கேயிருந்து சுகர் வந்தது என்று ஊரே கேட்டது, கேட்டதோடு விட்டுவிட்டது. மூன்று வருஷமாகச் சாக்கடை ஓரம் மொய்த்துக் கிடந்த அந்த எறும்புகள், பிள்ளை கீழே விழுந்த அரை நிமிஷத்தில் ஒரே வரிசையாகச் சேர்ந்து வடக்கே பார்த்து நடக்கத் தொடங்கின. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. வலிப்பு ஆஸ்பத்திரி விஷயம், எறும்பு ரோட்டு விஷயம் என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள்.

ரோட்டு விஷயம் சீக்கிரம் தீர்ந்தது. உரக்கடை சண்முகவேல் தன் கடை வாசலை மறிக்கிறதே என்று எறும்புப் பொடியைத் தூவினார். மறுநாள் காலையில் அந்தப் பொடி ஒரு துகள் குறையாமல் அவர் கடைப் படியில் சின்னக் குவியலாக இருந்தது. அவர் அதை அள்ளித் திரும்பவும் பாக்கெட்டில் போட்டு விற்றுவிட்டார் என்று சொல்வார்கள். அவர் இல்லை என்பார். வரிசை ரோட்டைக் கடக்கும் இரண்டு இடங்களில் பஸ் டிரைவர்கள் வேகத்தைக் குறைக்கப் பழகினார்கள். பிறகு ரோடு போட வந்த காண்டிராக்டர் யாரும் கேட்காமலே அந்த இரண்டு இடத்திலும் தாருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பதித்துவிட்டுப் போனார். பாளையம்பட்டியைத் தொட்ட பிறகு வரிசையில் கிளைகள் பிரிந்தன. ஒரு கிளை, நடுவழியில் ரோடு பிரிகிற ஒரு விலக்கில் டீக்கடை வைத்திருந்த பேச்சியிடம் போனது. பேச்சி, மாரீஸ்வரியின் செத்துப்போன அம்மா ஒச்சம்மாளுக்குத் தங்கை, மாரீஸ்வரிக்குச் சித்தி. இன்னொரு கிளை, ஒச்சம்மாள் வாழ்ந்து முடிந்த திருச்சுழி வீட்டுக்குப் போனது. அங்கே இப்போது மாரீஸ்வரியின் அண்ணன் காசிராஜன் குடியிருந்தார், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஜெயபாண்டியின் அண்ணன் தம்பி வீடுகள் ஐந்தும் பரளச்சியில் அதே தெருவில்தான் இருந்தன. அந்த வாசல்களில் ஒரு எறும்பும் ஏறவில்லை.

காசிராஜனுக்கு இதில் ஒரு மனக்குறை. எறும்புகள் அவர் காலைச் சுற்றின, மரியாதையாகத்தான் சுற்றின. ஆனால் அவரோடு நின்றுவிட்டன. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் ரோஷினியை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தன் தங்கச்சி மகளைத் தேடிப் போகிற எறும்புக்குத் தன் மகள் மட்டும் இளக்காரமா என்று அவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். ஒருநாள் கூடத்திலிருந்து ரோஷினியின் கட்டில்வரை வெல்லப் பொடியைக் கோடு போட்டது போலத் தூவி வைத்தார். எறும்புகள் கோட்டின் ஆரம்பம்வரை வந்தன, முகர்ந்தன, திரும்பின. மூன்று வாரம் தூவிப் பார்த்தார். மகள் காலில் பிசுபிசுவென்று ஒட்டியதுதான் மிச்சம்.

வரிசை நிற்கும் என்பதை முதலில் கண்டுபிடித்தது கோகிலாம்பாள். ஒருநாள் காலை பத்து மணிக்குக் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவள் கீழே பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த எறும்புகள் அத்தனையும், தூக்கிய காலைக் கீழே வைக்காமல், அப்படியே நின்றன. ஒன்று இரண்டு என்று எண்ணினாள். நாற்பது எண்ணும்போது மறுபடி நடந்தன. மறுவாரம் பரளச்சிக்குப் போனபோது, அதே நாள் அதே பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் ஜோதிகாவுக்கு வலிப்பு வந்ததாக மாரீஸ்வரி சொன்னாள். அதன் பிறகு எறும்பு நின்றால் கோகிலாம்பாள் தராசைக் கீழே வைத்துவிடுவாள். அவை நடக்கும்வரை கடையில் யாவாரம் கிடையாது. வாடிக்கையாளர்களும் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நிற்கப் பழகினார்கள். போன் போட்டுக் கேட்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. அக்காளும் தங்கையும் போன் பேசி யாரும் பார்த்ததில்லை. அந்த வகையறாவுக்கே திமிர் அதிகம் என்று ஒரு பேர் இருந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள், கேட்டால் பதில் வராது, வந்தால் தெருவே கேட்கிற மாதிரிக் கத்துவார்கள். மாரீஸ்வரி பரளச்சிக்கு வாழ வந்த பத்து வருஷத்தில் எதிர்வீட்டுக்காரி மூன்று தடவை பேச்சை நிறுத்தியதற்கும் அதுதான் காரணம். மூன்று தடவை என்பதே மாரீஸ்வரிக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி விஷயம் அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. அருப்புக்கோட்டையில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ரேணுகாதேவி, பிள்ளையை நன்றாகத்தான் பார்த்தார், மண்டையில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார், பொறுமையாக உட்காரவைத்துக் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு, சுகர், காது மந்தம், இந்த மாதிரி எதுவும் உண்டா என்றார். ஜெயபாண்டி யோசித்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். அப்பா, அப்பாவின் அப்பா, சித்தப்பா, பெரியப்பா, ஐந்து அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி கொடுக்கிற நாற்பத்தேழு பங்காளி வீடுகள் என்று ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஒருத்தருக்கும் இல்லை என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். என்ன கேள்வி என்று அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காதபோதெல்லாம் தலையை ஆட்டிவிடுவது அவள் பழக்கம். டாக்டர் எழுதிக்கொண்டார். நிறையப் பிள்ளைகளுக்கு நன்றாகச் சேருகிற ஒரு மாத்திரையைக் கொடுத்தார்.

ஜோதிகாவுக்கு அது சேரவில்லை. சாப்பிட்டால் வாந்தி எடுத்தாள், வகுப்பில் தூங்கி விழுந்தாள், ஓடிப் பிடித்து விளையாடினால் நாலு எட்டில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். பாளையம்பட்டியில் கோகிலாம்பாளின் எண்ணிக்கை நாற்பதிலிருந்து நூறானது, நூற்றெழுபதானது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஒரு தடவை எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. அன்றைக்குக் கோகிலாம்பாள் கடையைச் சாத்திவிட்டு எறும்புகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு நாள் இவை நின்றது நின்றபடியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம். நாலு ஊரில் நாலு பேருக்கு அதே பயம் இருந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

2019 மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள் காலை. நம் பக்கத்தில் சிவராத்திரிக்கு அவரவர் குலதெய்வத்துக்குப் போயாக வேண்டும், அதில் தப்பிக்க வழியில்லை. பெண் என்றால் தாலி ஏறிய நாளிலிருந்து புருஷனின் சாமிதான் அவள் சாமி. ஆகவே வருஷத்தில் மற்ற நாளெல்லாம் பார்த்துக்கொண்டாலும், ஒரே வயிற்றில் பிறந்த பெண்கள் அந்த ஒரு நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ஆளுக்கு ஒரு கோயில், ஆளுக்கு ஒரு காடு. மாரீஸ்வரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ஜெயபாண்டி வீட்டாரோடு கமுதிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக் கோயிலில் இருந்தாள். கோகிலாம்பாள் சாத்தூர்ப் பக்கம் ஒரு கருவேலங்காட்டில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சி அவள் புருஷன் வீட்டு அய்யனார் கோயிலில் இருந்தாள். காசிராஜன் ஆண்பிள்ளை, அப்பா வழிக் கோயிலுக்குப் போயிருந்தார். எறும்புகள் ஆள் இருக்கும் இடத்துக்கே வருகிறவை என்பதால் நாலு கோயிலுக்கும் வந்திருந்தன. ஆனால் எல்லைக்கல்லோடு நின்றுகொண்டன, ஒரு கோயிலுக்குள்ளும் நுழையவில்லை. இந்தச் சாமி கணக்கில் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்வது போல இருந்தது என்று கண்மாய்க்கரைப் பூசாரி பிற்பாடு சொன்னார்.

ஒன்பதரை மணிக்கு நாலு இடத்திலும் வரிசை நின்றது. கோகிலாம்பாள் எண்ண ஆரம்பித்தாள். முந்நூறு தாண்டியது, அறுநூறு தாண்டியது, பானை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. ஆயிரத்தைத் தொட்டபோது, நின்ற எறும்புகள் அத்தனையும் உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் அருப்புக்கோட்டைப் பக்கம் திருப்பின. கோகிலாம்பாள் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். படையல் போடாமல் எங்கே போகிறாய் என்று புருஷன் வீட்டார் கேட்டதாகவும், அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் சொல்வார்கள். இந்தத் தடவை அவளுக்குக் காது கேட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாள். பேச்சி ஒரு லோடு வண்டியில் மிளகாய் மூட்டைமேல் ஏறி வந்தாள். காசிராஜன், மொட்டை அடிக்க உட்கார்ந்தவர், பாதித் தலையோடு பைக்கை எடுத்தார். எறும்பின் தலை காட்டிய திசையிலேயே வந்த மூன்று பேரும் பதினொன்றரைக்குள் டாக்டர் ரேணுகாதேவியின் ஆஸ்பத்திரி வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். ஜெயபாண்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஊசி போட்டு வலிப்பை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் பிள்ளை கண் திறக்கவில்லை, வாசல்வரை வந்திருந்த எறும்புகளும் நடக்கவில்லை.

மாரீஸ்வரி அக்காளைப் பார்த்ததும் நடந்ததைச் சொன்னாள். கோகிலாம்பாள் திரும்பக் கேட்டாள், பேச்சி திரும்பக் கேட்டாள், காசிராஜன் திரும்பக் கேட்டார். நாலு பேர் சத்தத்தில் மேல்மாடியில் இருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் வெளியே வந்து, ஏன் இப்படிக் கத்துகிறீர்கள், பிள்ளை படுத்திருக்கிறது இல்லையா என்றார். ஒருவரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் திரும்பவில்லை. கோபமாக மூன்றாம் தடவை வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றுவிட்டார். நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார். நாலும் ஒரே ஒல்லி, ஒரே கன்ன எலும்பு, நாலு பேரும் அடுத்தவர் வாயைப் பார்த்தபடியே பேசினார்கள். நாலு பேர் காலடியிலும் எறும்புகள். டாக்டர் கோகிலாம்பாளின் காதுக்குப் பக்கத்தில் போய் உரக்கக் கேட்டார்.

"உங்க அம்மாவுக்குச் சுகர் இருந்துச்சா?"

"இருந்துச்சு தாயி. நாப்பத்தாறு வயசுல போயிட்டாக. கடைசில ஒரு சொல்லுக் கேக்காது அவுகளுக்கு. எனக்கும் சுகரு, இந்தா சித்திக்கும் சுகரு, அரைமொட்டையோட நிக்கிறானே எந்தம்பி, அவனுக்கும் சுகரு."

டாக்டர் ஜெயபாண்டியின் பக்கம் திரும்பினார். "குடும்பத்துல யாருக்காவது உண்டான்னு அன்னைக்கு அத்தனை பொறுமையாக் கேட்டேன்ல?"

"எங்க குடும்பத்துல இல்லைங்க. ஏழு தலைமுறைக்குச் சொல்லுவேன். இவுக எம் பொண்டாட்டி வீட்டு ஆளுங்க."

"பிள்ளை யாரு வயித்துல இருந்துச்சு?"

டாக்டர் உள்ளே போய்ச் சீட்டில் பழைய மாத்திரையை அடித்துவிட்டு வேறு மருந்தை டிரிப்ஸில் ஏற்றச் சொன்னார். பிறகு நாலு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் மைட்டோகாண்ட்ரியா என்று எழுதிக் காட்டினார். உடம்பில் ஒவ்வொரு அணுவுக்குள்ளேயும் சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன, தின்கிற சோற்றைத் தெம்பாக்குவது அவைதான் என்றார். அந்த அடுப்பு அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்குப் போகும், அப்பா கொடுக்க முடியாது. இந்த வழியில் அடுப்பு கொஞ்சம் மங்கலாக எரிகிறது. அதனால் பெரியவர்களுக்கு ஒல்லி உடம்பிலேயே சுகர், காது மந்தம், பிள்ளைக்கு வலிப்பு. இரண்டும் வேறு வேறு சீக்கு மாதிரித் தெரிந்தாலும் ஒரே நூலின் இரண்டு நுனியாக இருக்கலாம், ரத்தம் அனுப்பிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அடுப்பு மங்கலான பிள்ளைக்கு அந்தப் பழைய மாத்திரை ஆகாது, மாரீஸ்வரி விழுங்குகிற சுகர் மாத்திரையையும் மாற்றியாக வேண்டும் என்றும் சொன்னார். முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை, ஆனால் இப்படியே விட வேண்டியதும் இல்லை என்பதை இரண்டு தடவை உரக்கச் சொன்னார். காசிராஜன், அப்படியானால் என் மகளுக்கு என்று இழுத்தார். நீங்கள் ஆண், உங்களிடமிருந்து உங்கள் மகளுக்குப் போகாது என்று டாக்டர் சொன்னதும் அந்த மனுஷர் பெஞ்சிலேயே குலுங்கி அழுதார். அன்று மாலை வீட்டுக்குப் போய், கட்டில் காலில் ஒட்டியிருந்த வெல்லத்தைத் தானே தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்.

மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு எறும்புகள் நடந்தன. சத்தம் இல்லாமல், ஏதோ டீ குடிக்க நின்றவர்கள் கிளம்புவது போல நடந்தன. உள்ளே ஜோதிகா கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற முகங்களைப் பார்த்து, "ஏன் எல்லாரும் இங்க இருக்கீக? கோயிலுக்குப் போகலையா?" என்றாள். ஜெயபாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஒன்றரை மாதத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் சொன்னதுதான் அதில் இருந்தது. எறும்புகள் ஒன்றரை வருஷமாகத் தரையில் எழுதிக் காட்டியதும் அதுதான். டாக்டர் ரேணுகாதேவி ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வரிசையின் ஓரமாகவே நாலு வீட்டுக்கும் போய்வந்து, பார்த்ததை அப்படியே தாளில் வரைந்து பைலில் வைத்தார். மாரீஸ்வரி மாத்திரையை விட்டு ஊசிக்கு மாறினாள், உடம்பில் சதை பிடித்தது. நாலு பேருக்கும் காதுமெஷின் வந்தது. மாட்டிய முதல் நாள் மாரீஸ்வரி தெருவில் நடந்து போனபோது எதிர்வீட்டுக்காரி வழக்கம் போல முணுமுணுத்தாள். மாரீஸ்வரி நின்று, திரும்பி, என்னக்கா சொன்னீக என்றாள். இப்போது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ரேஷன் கடைக்குப் போகிறார்கள். எறும்பு நடக்கிற சத்தமும் தனக்குக் கேட்கிறது என்று மாரீஸ்வரி சொல்கிறாள். மணல் சரிகிற மாதிரி இருக்குமாம். மெஷின் அவ்வளவு நல்ல மெஷின் இல்லை, அரசாங்கம் கொடுத்ததுதான், என்றாலும் கேட்கிறது.

அடுத்த வருஷத்திலிருந்து சிவராத்திரிக்கு மறுநாள் மத்தியானம், அவரவர் புருஷன் வீட்டுச் சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அந்தப் பெண்கள் பேச்சியின் டீக்கடை விலக்கில் கூடுகிறார்கள். எறும்புக் கிளைகள் பிரிகிற இடம் அது. சாமி ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு தூக்குவாளியில் கறிக்குழம்பு, நிறையப் பேச்சு, அவ்வளவுதான். போன வருஷம் யாரோ ஒரு ஆள் வந்து அங்கே தேங்காய் உடைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜெயபாண்டியும் வருகிறார், ஓரமாக உட்கார்ந்து இலை எடுத்துப் போடுகிறார். வேறு எந்த ஆஸ்பத்திரியில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலும் இப்போது அவர், எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒச்சம்மாளில் ஆரம்பிக்கிறார். எழுதுகிறவர் கை வலித்துப் பேனாவை வைக்கும்வரை விடுவதில்லை.

வரிசை கடைசியாக நின்றது 2022 தை மாதம், அதுவும் ஒன்பது எண்ணுவதற்குள் நடந்துவிட்டது. 2024 ஜூன் மாதம் ஜோதிகா ஒன்பதாம் வகுப்புக்கு அருப்புக்கோட்டையில், பாளையம்பட்டியை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். பதினாலு வயது வரைக்கும் அவளை யாரும் தனியாகத் தெருமுனைக்குக்கூட அனுப்பியதில்லை. பஸ்ஸில் தனியாகத்தான் போவேன் என்று அவள் நின்றாள். அப்பா கூட வந்தால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாள். முதல் நாள் அவள் பஸ் ஏறியதும் மாரீஸ்வரி வீட்டுக்கு ஓடிவந்து பின்வாசலில் எறும்புகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாளையம்பட்டியில் கோகிலாம்பாள் தராசைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். போன் பேசிக்கொள்ளலாம்தான், ஆனால் போனைக் காதில் வைத்தால் மெஷின் கூவென்று கத்தும். பஸ் போகிற நேரம் முழுக்க இரண்டு பேரும் கண் இமைக்காமல் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். எறும்புகள் நடந்துகொண்டே இருந்தன. பஸ் பாளையம்பட்டியில் நின்றது, ஜோதிகா இறங்கிக் கடைக்குள் வந்து, பெரியம்மா ஒரு பேனா குடுங்க, மறந்துட்டு வந்துட்டேன் என்றாள். கோகிலாம்பாள் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஒரு நொய்யரிசியில் மஞ்சளைத் தடவி, பரளச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்த எறும்பு ஒன்றின் முன்னால் வைத்தாள். அது தூக்கிக்கொண்டது.

பதினோராம் நாள் மத்தியானம் அந்த மஞ்சள் நொய்யரிசி ஜெயபாண்டி வீட்டுப் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தது. பிள்ளை நல்லபடியாக வந்து சேர்ந்தாள் என்று அர்த்தம். அதற்குள் பிள்ளை எட்டு நாள் பள்ளிக்கூடம் போய் எட்டு நாளும் திரும்பி வந்திருந்தாள். ஒன்பதாவது நாளாக அன்றைக்கும் போயிருந்தாள். மாரீஸ்வரி அந்த நொய்யரிசியைப் பார்த்துவிட்டு, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டு, எறும்புக்கு வழி விட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.